நாய் ஒற்றனாக வரும் நகைச்சுவை நாவல்: எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரே தெருவில் நாலைந்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தினுசான ஆள். நடுவே, யாருமே சந்தேகப்படாத ஒரு நாய் இந்த வீட்டு ரகசியத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகிறது. இப்படி ஒரு நகைச்சுவை நாவல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரு பிடிவாதம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாய் கடைசி வரை நாயாகவே இருக்க வேண்டும். உளவு வேலை நடப்பது மனிதர்களின் தலைக்குள்.

நாய்தான் வேண்டுமா? பூனை, கிளி ஆகாதா?

ஆகும். ஆனால் நாய் தரும் வசதி வேறு எதிலும் கிடைக்காது. கேட் திறந்திருந்தால் உள்ளே போகும். துரத்திவிட்டாலும் மறுநாள் அதே வாலாட்டலோடு வந்து நிற்கும். ஒரு நாய் ஏன் இங்கே படுத்திருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. அதோடு, மனிதர்களைக் கவனித்துக் கவனித்தே பிழைத்து வந்த பிராணி அது. நாம் விரல் நீட்டும் இடத்தைப் புரிந்துகொள்வதில் நாய்கள் சிம்பன்சிகளையே முந்துகின்றன என்று பிரையன் ஹேரும் அவரது சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குட்டிகளுக்கே அந்தத் திறமை இருந்தது. தெருவே கூடி நின்று ஆளுக்கொரு திசையில் கை நீட்ட, நாய் ஒவ்வொரு கையாகப் பார்த்துப் பார்த்துத் திணறும் காட்சிக்கு இந்த ஒரு தகவல் போதும்.

பூனையை வைத்து நிஜமாகவே முயற்சி நடந்திருக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் சி.ஐ.ஏ. ஒரு பூனையின் உடலுக்குள் ஒலிவாங்கியும் சமிக்ஞை அனுப்பும் கருவியும் பொருத்தி, பேச்சை ஒட்டுக்கேட்கப் பார்த்தது. அந்தத் திட்டத்துக்கு 'அகூஸ்டிக் கிட்டி' என்று பெயர். கருவி வேலை செய்தது. பூனைதான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. நடைமுறைக்கு உதவாது என்று 1967-ல் கைவிட்டார்கள், ஆவணங்கள் 2001-ல் வெளியே வந்தன. பூனை ஒரு டாக்ஸியில் அடிபட்டுச் செத்தது என்று முன்னாள் அதிகாரி ஒருவர் சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அதே அமைப்பில் வேலை பார்த்த இன்னொருவர் மறுத்தார். கிளியைப் பொறுத்தவரை, அது வாயைத் திறந்தால் உங்கள் கதை மூன்றாம் பக்கத்தில் முடிந்துவிடும்.

நாயைப் பேசவைக்கலாமா? மனசுக்குள்ளாவது?

வேண்டாம் என்பேன். தான் ஒற்றன் என்று நாய்க்குத் தெரிந்துவிட்டால், அது சின்ன உடம்பில் இருக்கும் இன்னொரு துப்பறிவாளர், அவ்வளவுதான். அப்புறம் சிரிப்பு அதன் வாய்ச்சாமர்த்தியத்தை நம்பியே ஓட வேண்டியிருக்கும். அதற்குத் தெரியவில்லை என்றால், தெருவில் உள்ள ஒவ்வொருவரும் அதன் தும்மலுக்குக்கூட அர்த்தம் கற்பிப்பார்கள். இந்த வகை நாவலை ஓட்டிச்செல்வது அந்த அர்த்தம் கற்பித்தல்தான்.

நாயின் பார்வையில் ஓர் அத்தியாயமாவது எழுதியே தீருவேன் என்றால் வாசனை, சத்தம், பசி, பழக்கம் இவற்றோடு நின்றுகொள்ளுங்கள். 'இவர் எதையோ மறைக்கிறார்' என்று அது நினைக்கக் கூடாது. 'இவர் கையில் வேர்வை வாடை நேற்றைவிட அதிகம்' என்பது வரை போகலாம். மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார்.

சரி, பேசாத நாய் எப்படித்தான் துப்பு கொடுக்கும்?

பொருளைத் தூக்கிக்கொண்டு போகும். போகக் கூடாத இடத்தில் போய் நிற்கும். யாரையாவது பார்த்து வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்ளும். இந்த மூன்றும் போதும், முதலாவது எல்லாவற்றிலும் வளமானது.

ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர், அதன் எல்லையைப் பற்றிப் பழைய மனஸ்தாபம். ஒருநாள் காலை, அந்தப் பக்கத்து வீட்டு அளவு டேப் இந்தப் பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கிறது, பல் பதிந்து, எச்சிலோடு.

"இந்த டேப் உங்க வீட்டுதா சார்?"

"ஆமாம்மா. ரெண்டு நாளாத் தேடிட்டிருக்கேன். எங்க கிடைச்சது?"

"எங்க வாசல்ல."

"உங்க வாசல்லயா?"

"ஆமா. எதை அளந்தீங்க சார்?"

"நான் எதையும் அளக்கலையே."

"டேப்புக்குக் கால் முளைச்சு வராதுல்ல?"

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்க்கிறார்கள். நாய் அவர்கள் இருவருக்கும் நடுவில் படுத்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கிறது. டேப்பை எடுத்தது டேப்புக்காரரின் அக்கா. குளிர்காலம் வருகிறதே என்று அதே நாய்க்கு ஒரு கோட்டு தைக்க, ராத்திரி அளவெடுத்துவிட்டு டேப்பைக் கீழே வைத்தார். இது வாசகருக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யாருக்கும் தெரியாது. அக்கா வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார், ஏனென்றால் அந்த வீட்டில் நாயை உள்ளே விடக் கூடாது என்று கண்டிப்பு.

இந்த அமைப்பைக் கவனியுங்கள். தடயம் உண்மையானது. அதை எடுத்துவந்ததும் உண்மை. தப்பெல்லாம் பொருள் கொள்வதில்தான். நாய் பொய் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதனால்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள்.

நாயை 'விசாரிக்கும்' காட்சி ஒன்று வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள். இதற்கு அருமையான உண்மை ஆதாரங்கள் இருக்கின்றன.

ஜெர்மனியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்று ஒரு குதிரை பிரபலமாக இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதை ஆராய்ந்து 1907-ல் விஷயத்தை விளக்கினார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் முகத்திலும் உடம்பிலும் தன்னையறியாமல் ஏற்படும் மாற்றத்தைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திக்கொண்டது. விடை தெரியாதவர் கேட்டபோது குதிரையும் தடுமாறியது.

இதை உங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். சந்தேகப்படுபவர் நாயை உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்கிறார். தனக்குப் பிடிக்காதவர் பெயர் வரும்போது அவர் குரல் தடிக்கிறது. நாய் காதை மடக்குகிறது. "பார்த்தீங்களா!" அடுத்து இன்னொருவர் அதே விசாரணையை நடத்துகிறார், நாய் வேறொரு பெயருக்குக் காதை மடக்குகிறது. ஐந்து பேர் விசாரித்தால் ஐந்து குற்றவாளிகள் கிடைப்பார்கள், ஒவ்வொருவரும் கேட்பவரின் மனசில் ஏற்கெனவே இருந்தவர்.

இன்னொன்றும் உண்டு. 'தப்புச் செய்துவிட்டு எப்படிக் குற்ற உணர்ச்சியோடு பார்க்கிறது பாருங்கள்' என்போமே, அந்தப் பார்வையை அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 2009-ல் சோதித்துப் பார்த்தார். நாய் உண்மையில் தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் தொடர்பில்லை. எஜமானர் திட்டினாரா என்பதுதான் அதைத் தீர்மானித்தது. தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகத்தைக் காட்டியது. அப்படியென்றால், ஒரு பாவமும் அறியாத நாய் தன் முகத்தாலேயே ஒரு தெருவின் சந்தேகத்தை உறுதிப்படுத்திவிடும். எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாயின் புலன்களைப் பற்றி எவ்வளவு சரியாக எழுத வேண்டும்?

முழுக்கச் சரியாக. மனிதர்கள் எவ்வளவு கோணலாக இருந்தாலும் வாசகர் ஏற்பார். நாய் மட்டும் நாய் மாதிரி இல்லையென்றால், நாய் வளர்ப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

மூக்கு: நாயின் மோப்ப உணர்வுசெல்கள் இனத்தைப் பொறுத்து 30 கோடி வரை போகும், மனிதருக்கு 50 லட்சம், 60 லட்சம் அளவில்தான். மோப்பம் பிடிக்கும்போது வினாடிக்கு ஐந்து முறை போல உறிஞ்சும். ஒருவர் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டுப் போய்விட்டார் என்பது நாய்க்கு அப்பட்டமாகத் தெரியும் சேதி. ரகசியமாக வந்துபோனவரை மறுநாள் தெருவில் பார்த்ததும் நெடுநாள் பழகியவரைப் போல அது ஓடிவந்து தாவினால், எப்படிப் பழக்கம் என்ற கேள்வி தானாக எழும்.

காது: மனிதருக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கு சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காதுக்கு எட்டாத ஊதலை ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1876-ல் உருவாக்கினார். தெருவில் யாரோ அப்படி ஒரு ஊதல் வைத்திருக்கிறார் என்று எழுதினால் நாய் திடீரென எழுந்து ஓடுவதற்கு ஒரு மர்மமான, ஆனால் நியாயமான காரணம் கிடைத்துவிடும்.

கண்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நாய் கறுப்பு வெள்ளையில் பார்க்கிறது என்பது தவறு. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கஷ்டம். எனவே 'சிவப்புச் சட்டைக்காரரைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது' என்று துப்பு வைக்காதீர்கள். உங்கள் கதாபாத்திரம் ஒருவர் அப்படி நம்பினால் பரவாயில்லை, ரொம்பவே நல்லது.

வால்: 2007-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். தன் எஜமானரைப் பார்க்கும்போது நாயின் வால் சற்று வலப்பக்கம் அதிகம் ஆடுகிறது. அறிமுகமில்லாத, மிடுக்கான இன்னொரு நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் அதிகம் ஆடுகிறது. கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத அளவுக்கு நுட்பமான வித்தியாசம் இது. அரைகுறையாக எங்கோ படித்த ஒரு கதாபாத்திரம் கையில் ஸ்கேலோடு நாயின் பின்னால் நடக்க இது போதும்.

சொல் அறிவு: ரிக்கோ என்ற பார்டர் கோலி நாய் 200-க்கும் மேற்பட்ட பொருள்களின் பெயர்களை அறிந்திருந்ததாக 2004-ல் ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் சேசர் என்ற இன்னொன்று 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டதை அதன் பயிற்சியாளரான உளவியலாளர் ஜான் பில்லி 2011-ல் பதிவு செய்தார். உங்கள் நாய்க்கு இவ்வளவு வேண்டாம். அதற்கு ஐந்தாறு சொற்கள் மட்டும் தெரியட்டும், அவற்றில் ஒன்று யாரோ ஒருவரின் செல்லப்பெயராக இருக்கட்டும்.

எந்த இன நாய் நல்லது?

கம்பீரமான காவல் நாய் வேண்டாம். எதிர்பாராத ஒற்றன் என்பதுதானே சுவாரஸ்யம்? வயதானது, சோம்பேறி, கொஞ்சம் குண்டு, ஒரு காது மட்டும் நிமிராதது என்று ஏதாவது இருந்தால் நல்லது. இனம் தெரியாத கலப்பு நாயே என் தேர்வு. பெயர் சின்னதாக, கத்திக் கூப்பிட வசதியாக இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருந்தால் எத்தனை குழப்பத்துக்கு வழி பிறக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விசித்திரமான அண்டைவீட்டாரை எப்படி உருவாக்குவது?

கிறுக்குத்தனத்தை முதலில் யோசிக்காதீர்கள், அதற்கான காரணத்தை யோசியுங்கள். யாரும் தன்னை விசித்திரமானவர் என்று நினைப்பதில்லை. அவரவர் வழக்கம் அவரவருக்கு நூற்றுக்கு நூறு நியாயம்.

தெருவில் யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வையுங்கள். வெறுமனே வம்பு பிடித்தவர் என்று விட்டால் அவர் ஒரு காட்சிக்குமேல் தாங்கமாட்டார். எப்போதோ ஒருமுறை அவர்மேல் ஒரு பழி விழுந்தது, அந்த நேரத்தில் அவர் வீட்டில்தான் இருந்தார் என்று சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து எல்லோருக்கும் சேர்த்துச் சாட்சியாக இருப்பது தன் கடமை என்று அவர் எழுதிவருகிறார். இப்போது அவர் மனிதராகிவிட்டார். நாம் சிரிப்போம், ஆனால் அவர் நோட்டுத் தொலைந்தால் பதறவும் செய்வோம்.

அவருக்கு எதிர்வீட்டில், எல்லாக் கடிகாரங்களையும் பத்து நிமிடம் முன்கூட்டி வைத்திருப்பவர் ஒருவர். எங்கேயும் தாமதமாகக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் மணியடிக்கும் சத்தம் தெருவுக்கே கேட்கும். பெரியவர் அதைக் கேட்டுத்தான் நோட்டில் நேரம் எழுதுகிறார். ஆக, அத்தனை ஆண்டுப் பதிவும் பத்து நிமிடம் தப்பு! சம்பவம் நடந்த ராத்திரியில் அந்தப் பத்து நிமிடம் யாரையாவது குற்றவாளியாக்கும், அல்லது தப்பவிடும்.

விசித்திரங்கள் தனித்தனியே இருந்தால் வெறும் பட்டியல். ஒன்றோடொன்று மோதினால் கதை. ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படி ஒரு மோதலைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த இருவரில் ஒருவர் தேவையில்லை.

மூன்றாவதாக நான் எப்போதும் சிபாரிசு செய்யும் ஆள், மனம்விட்டு நாயிடம் மட்டுமே பேசுபவர். மனிதர்களிடம் வாயே திறக்காதவர், சாயங்காலம் பின்வாசலில் உட்கார்ந்து நாயிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறார். இரண்டு நாளில் அந்த விஷயங்கள் தெருவில் உலவுகின்றன. அவர் நாயைச் சந்தேகப்படத் தொடங்குகிறார், சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவரை அல்ல.

எத்தனை வீடு? நான்கு அல்லது ஐந்து. அதற்குமேல் போனால் வாசகர் யார் வீட்டில் யார் என்று முன்பக்கம் புரட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கேலி எல்லை மீறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகை எங்கிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கு இடங்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் பிறரை இகழ்வதில் வருவது. இளமை பிள்ளைத்தனம். பேதைமை அறியாமை. மடன் என்பதை, ஒருமுறை மனசில் வாங்கிக்கொண்டதை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் என்று எடுத்துக்கொள்ளலாம். அண்டைவீட்டு நாவலுக்கு இந்த வரிசையைவிட நல்ல அளவுகோல் நான் பார்த்ததில்லை.

உங்கள் கையெழுத்துப் பிரதியில் சிரிப்பு வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் இந்த நான்கில் எதில் சேரும் என்று பாருங்கள். பாதிக்குமேல் எள்ளலில் சேர்ந்தால் நாவல் கசந்துபோகும். நாய் வரும் கதைக்கு பேதைமையும் மடனும்தான் உயிர். நாய்க்கு ஒன்றும் தெரியாது, மனிதர்களோ பிடித்ததை விடமாட்டார்கள். ஒருவரின் உடற்குறை, நோய், வறுமை இவற்றை வைத்துச் சிரிக்கவைக்க நினைத்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். அதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன்.

கண்டுபிடிக்கப்படும் ரகசியம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

சின்னதாக. தேசத் துரோகமும் கொலையும் வந்தால் தெருவுக்கு வெளியே இருந்து அதிகாரிகள் வருவார்கள், கதை அவர்கள் கைக்குப் போய்விடும். வெளியாள் தலையிடத் தேவையில்லாத, ஆனால் அந்தத் தெருவில் மானப் பிரச்சினையாகிவிடும் ரகசியம்தான் சரியான அளவு. தோட்டப் போட்டியில் பரிசு வாங்கிய செடி அவர் வளர்த்ததே இல்லை. காது கேட்காது என்று பல வருஷமாக நடித்துக்கொண்டிருப்பவருக்கு நன்றாகவே காது கேட்கும். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேர் ராத்திரியில் ரகசியமாகச் சதுரங்கம் ஆடுகிறார்கள். இந்தக் கடைசி ரகசியத்தை வைத்தே ஒரு முழு நாவல் ஓட்டலாம்.

உளவுத் தொழில் பற்றி ஒன்றும் தெரியாதே, எங்கே கற்பது?

திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் போதும், 581 முதல் 590 வரை பத்துக் குறள்கள். அரசனுக்குச் சொன்னவைதான். ஆனாலும் ஒரு தெருவை மனசில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் நடப்பவை எல்லாவற்றையும் எந்நாளும் விரைந்து அறிவது வேந்தனின் தொழில் என்கிறது 582. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நம் நோட்டுப்புத்தகப் பெரியவர் இதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டவர்.

585 நல்ல ஒற்றனின் இலக்கணம் சொல்கிறது: பார்ப்பவர் சந்தேகப்படாத உருவம், உற்றுப் பார்த்தாலும் அஞ்சாத கண், என்ன ஆனாலும் உள்ளே இருப்பதை வெளியே விடாத உறுதி. மூன்றும் முழுமையாகப் பொருந்தும் உயிர் நாய்தான். இந்தக் குறளை உங்கள் கதாபாத்திரம் ஒருவர், ஒரு தமிழாசிரியர் என்று வைத்துக்கொள்வோம், சொல்லிக்காட்டி நாயை முதன்முதலாகச் சந்தேகிக்க ஆரம்பிக்கலாம்.

588-ம் 589-ம் கதைத்திருப்பத்துக்கு. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாதபடி மூவரை வைத்து, மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பலாம். நாயைக் கண்காணிக்க இன்னொரு வீட்டுக்காரர் தன் நாயை அனுப்புகிறார். இரண்டும் விளையாடிவிட்டுச் சேற்றோடு வீடு திரும்புகின்றன. அந்தச் சேற்றையும் யாரோ ஒருவர் ஆராய்வார்.

590 ரொம்ப முக்கியம். ஒற்றனுக்கு எல்லோரும் அறியச் சிறப்புச் செய்தால் ரகசியத்தை நாமே வெளியே விட்டதாகிவிடும். உங்கள் நாவலின் முக்கால் பாகத்தில் யாராவது நன்றி தாங்காமல் நாய்க்குப் புதுக் கழுத்துப்பட்டை வாங்கிப் போடட்டும். மறுநாள் காலையில் தெருவே கேட்கும், எதற்காக என்று.

நிஜ வரலாற்றில் நாய்கள் உளவு பார்த்திருக்கின்றனவா?

போர்க்காலச் சேதிகளைச் சுமந்திருக்கின்றன. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் 1917-ல் எட்வின் ரிச்சர்ட்சன் தலைமையில் போர் நாய்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. சேதி கொண்டுபோகும் நாய் ஓடியது தன்னைப் பராமரிப்பவரை நோக்கி. நாவலுக்கு இந்த விவரம் தங்கம். உங்கள் நாயின் பாதையை ரகசியக் குறிப்பு எதுவும் தீர்மானிக்க வேண்டாம், அதற்கு யாரைப் பிடிக்கும் என்பது தீர்மானிக்கட்டும்.

1960-களில் சி.ஐ.ஏ. ஆறு நாய்களின் மூளையில் மின்முனைகள் பொருத்தி, தூரத்திலிருந்தே ஓடவும் திரும்பவும் நிற்கவும் வைத்தது. ரகசியமாக இருந்த ஆவணங்கள் பின்னாளில் வெளியாயின. இரண்டாம் உலகப்போரில் சோவியத் ராணுவம் டாங்கிகளை அழிக்க நாய்களின் உடம்பில் வெடிமருந்து கட்டி அனுப்பியது. இவை வரலாறு, ஆனால் நகைச்சுவைக்கு உரியவை அல்ல. சிரிப்புக்காக இவற்றைத் தொடாதீர்கள்.

சிரிப்புக்கு வேறொன்று இருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில் விலங்கின் மலம் போலவே தோற்றமளிக்கும் ரேடியோ கருவிகளை அமெரிக்கர்கள் பயன்படுத்தினார்கள். யாரும் குனிந்து கையில் எடுக்கமாட்டார்கள் அல்லவா? எதை எங்கே ஒளித்துவைப்பது என்று யோசித்துக் களைத்த கதாபாத்திரத்துக்கு இந்தத் தகவல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

கதையில் நாய்க்கு ஆபத்து வரலாமா?

காணாமல் போகலாம். அடிபடக் கூடாது, சாகவே கூடாது. நகைச்சுவை நாவலைக் கையில் எடுக்கும் வாசகர் உங்களை நம்பி எடுக்கிறார். காணாமல் போவதும் ஓர் அத்தியாயத்துக்குமேல் நீளக் கூடாது. ஆனால் அந்த ஓர் அத்தியாயம் நாவலின் உச்சமாக அமையலாம். ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள் எல்லோரும் ராத்திரியில் டார்ச்சோடு தெருவில் இறங்கி ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அத்தனை பெயரும் ஒரே நாய்க்கு.

கதையை யார் சொல்வது?

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் சொன்னால் எளிது. வாசகரோடு சேர்ந்து அவரும் தெரிந்துகொள்வார். எல்லாம் அறிந்த ஆசிரியர் குரலில் சொன்னால் டேப் காட்சி மாதிரி, வாசகருக்கு மட்டும் உண்மையைக் காட்டும் வசதி கிடைக்கும். இந்த வகைக்கு இரண்டாவதுதான் பலம் என்று நினைக்கிறேன். வாசகர் முன்கூட்டியே அறிந்திருப்பதால்தான், தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒவ்வொருவர்மேலும் அவருக்குப் பரிவு வருகிறது.

உரையாடலில் சிரிப்பு வரவில்லை. என்ன செய்வது?

சிரிக்கவைக்க முயலும் கதாபாத்திரங்களை நீக்கிவிடுங்கள். இந்தத் தெருவில் யாரும் ஜோக் அடிக்கக் கூடாது, எல்லோரும் படு சீரியஸாக இருக்க வேண்டும். "நாய் இன்னிக்கு என்னைப் பார்க்கவே இல்லை" என்று ஒருவர் உண்மையான கவலையோடு சொல்ல, கேட்பவர் அதைவிடக் கவலையோடு "நேத்தும் பார்க்கலையா?" என்று கேட்டால் போதும். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதிலும் கவனம் வேண்டும். இதுவரை 'அக்கா' என்று கூப்பிட்டவர் திடீரென 'மேடம்' என்றால் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நீளம்?

ஐம்பதாயிரம் சொற்களுக்குள். ஆள்மாறாட்டமும் தவறான சந்தேகமும் அதற்குமேல் இழுத்தால் அலுத்துப்போகும்.

நடுப்பகுதியில் கதை தொய்ந்துவிடுகிறதே?

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், நாய் கொண்டுவரும் பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரி சந்தேகத்தையே கிளப்புகின்றன. நடுவில் ஒரு பொருள் எதிர்த்திசையில் வேலை செய்யட்டும். தடயமாகக் கருதப்பட்டது ஒருவரை நிரபராதி என்று காட்டிவிடட்டும், அதனால் மற்றவர்களின் கோட்பாடு முழுவதும் ஆட்டம் காணட்டும். அல்லது கொஞ்ச நாளைக்கு நாய் ஒன்றுமே செய்யாமல் படுத்துத் தூங்கட்டும். வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் தூங்கும் பிராணி. அது சும்மா இருப்பதை 'மேலிடத்து உத்தரவு' என்று தெரு எடுத்துக்கொண்டால் ஓர் அத்தியாயம் தானாக எழுதிக்கொள்ளும்.

முடிவில் நாய் ஒற்றன்தான் என்று நிரூபிக்க வேண்டுமா?

நிரூபிக்கவும் வேண்டாம், பொய்யென்று காட்டவும் வேண்டாம். ரகசியங்கள் எல்லாம் வெளியே வரட்டும், அவற்றுக்கான மனிதக் காரணங்கள் வாசகருக்குத் தெளிவாகட்டும். எதற்கும் பொருந்தாத ஒரே ஒரு செயலை மட்டும் நாயிடம் விட்டுவையுங்கள். டேப்பை அது ஏன் அந்த வாசலில் கொண்டுபோய்ப் போட்டது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

எங்கிருந்து எழுத ஆரம்பிப்பது?

தெருவின் வரைபடத்திலிருந்து. ஒரு முழுத்தாளில் வீடுகளை வரைந்து, எந்தக் கேட் சரியாகச் சாத்தாது, எந்தச் சுவரில் நாய் நுழையும் அளவுக்கு ஓட்டை, எந்த ஜன்னலிலிருந்து எந்த வாசல் தெரியும், கடிகாரச் சத்தம் எதுவரை கேட்கும் என்று எல்லாவற்றையும் குறியுங்கள். நாய் தினமும் போகும் வழியை ஒரு கோடாகப் போடுங்கள். இன்னொரு தாளில், நாய் எடுத்துப்போகும் ஒவ்வொரு பொருளுக்கும் எங்கிருந்து, எங்கே, யார் பார்த்தது, அவர் என்ன நினைத்தார், உண்மையில் என்ன என்று எழுதிவாருங்கள். முதல் அத்தியாயத்துக்குள் ஒரு பொருளாவது கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிருக்க வேண்டும்.